உப ஜனாதிபதி நாற்காலியும் வி. வி. கிரியும்

உப தலைவர் பதவி என்றால் நம்மவர்களுக்குக் கொஞ்சம் இளப்பம்தான். கிளைச் சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நாலு பேர் நிற்பார்கள். செயலாளர் பதவிக்கு மூன்று பேர் நிற்பார்கள். உப தலைவர் என்று அறிவித்ததும் கூட்டத்தில் சிரிப்பு எழும். தோற்றவருக்கு மனக்கசப்பு வராமல் இருக்க உட்கார வைக்கும் நாற்காலி என்றே பலரும் நினைக்கிறோம். போடிநாயக்கனூரிலும், மேலே போடிமெட்டைத் தாண்டிய ஏலமலைச் சரிவுகளிலும் இந்த நினைப்பு உண்டு. தேசத்தின் உப ஜனாதிபதி பதவியைப் பற்றியும் இதே நினைப்புத்தான். வெள்ளைச் சட்டை, சிவப்புக் கம்பளம், மாலை மரியாதை. அதற்கு மேல் என்ன வேலை இருக்கப்போகிறது என்று கேட்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

தோழர்களே! அந்த நாற்காலியில் ஒரு தொழிற்சங்கவாதி உட்கார்ந்திருந்தார். ரயில்வே தொழிலாளிகளைத் திரட்டிப் போராடியவர், சிறை சென்றவர், தொழிலாளர் மந்திரி பதவியைத் தூக்கி எறிந்தவர். அவர்தான் வராஹகிரி வெங்கட கிரி. 1980 ஜூன் 24-ல் சென்னையில் அவர் மறைந்து 45 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அவருடைய வாழ்க்கையை இன்று நாம் எடுத்துப் பேசுவது புகழ் பாடுவதற்காக அல்ல. உழைப்பவர்களின் மனிதர் ஒருவர் உயர்ந்த நாற்காலிக்குப் போனால் என்ன ஆகிறது? நாற்காலியை அவர் ஆள்கிறாரா, நாற்காலி அவரை ஆள்கிறதா? இந்தக் கேள்விக்கு அந்த வாழ்க்கையில் விடை இருக்கிறது.

நாற்காலியின் இலக்கணம்

முதலில் அந்தப் பதவியின் கணக்கைத் தெரிந்துகொள்வோம். நம் அரசியல் சட்டப்படி உப ஜனாதிபதியை பார்லிமெண்டின் இரு சபை உறுப்பினர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் ராஜ்யங்களின் சட்டசபை உறுப்பினர்களுக்குப் பங்கு உண்டு; உப ஜனாதிபதி தேர்தலில் அது கிடையாது. அவர் ராஜ்ய சபையின் தலைவர். விவாதத்தில் கட்சி கட்ட முடியாது. இரு பக்கமும் ஓட்டு சமமாக விழுந்தால் ஒழிய அவருக்கு ஓட்டும் இல்லை. இலாகா இல்லை, கோப்பு இல்லை, உத்தரவு போடும் அதிகாரம் இல்லை.

ஆனால் ஜனாதிபதி காலமானாலோ, ராஜினாமா செய்தாலோ, அந்த நிமிஷத்திலிருந்து நாட்டின் முதல் நாற்காலி அவர் பொறுப்பு. ஆறு மாதத்துக்குள் புதிய ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வரை அவரே அந்தப் பணியைப் பார்க்க வேண்டும். சுருங்கச் சொன்னால், காத்திருப்பதும் தயாராக இருப்பதும்தான் உத்தியோகம். 1952-ல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் முதல் உப ஜனாதிபதி ஆனார். 1962-ல் டாக்டர் ஜாகீர் உசேன் வந்தார். 1967-ல் மூன்றாமவராக வந்தவர் கிரி. முதல் இருவரும் கல்விமான்கள். மூன்றாமவர் வந்த பாதை வேறு.

டப்ளினில் கற்ற பாடம்

கிரி 1894 ஆகஸ்ட் 10-ல் கஞ்சம் ஜில்லா பெர்ஹாம்பூரில் பிறந்தவர். இன்று அது ஒரிசாவைச் சேர்ந்த ஊர். அன்று சென்னை மாகாணம். தாய்மொழி தெலுங்கு. சட்டம் படிக்க 1913-ல் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்குப் போனார். அவர் போய் இறங்கிய ஆண்டு சாதாரண ஆண்டு அல்ல. அந்த நகரத்து முதலாளிகள் ஒன்று சேர்ந்து, சங்கத்தில் சேர்ந்த தொழிலாளிகளை வேலைக்கு வரவிடாமல் கதவடைப்புச் செய்த ஆண்டு அது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் அந்தத் தொழிலாளிகள் சங்கத்தைக் கைவிட மறுத்தார்கள்.

சட்டப் புத்தகத்தோடு இந்தப் பாடத்தையும் கிரி படித்தார். அயர்லாந்து விடுதலை இயக்கத்தாரோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலி அவர் மனதில் ஆழப் பதிந்தார். 1916-ல் டப்ளினில் எழுச்சி வெடித்தது. பிரிட்டிஷ் சர்க்கார் அதை நசுக்கியது. காயம்பட்டு நிற்க முடியாமல் கிடந்த கானலியை நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு கிரியையும் அந்த நாட்டை விட்டு வெளியேற்றினார்கள்.

ஊர் திரும்பியவர் வக்கீல் தொழிலில் பணம் சேர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ தண்டவாளத்தின் பக்கம் போனார். பெங்கால் நாகபுரி ரயில்வே தொழிலாளிகளைச் சங்கமாக்கினார். ஆட்குறைப்பை எதிர்த்து 1920-களின் பிற்பகுதியில் அங்கே நடந்த பெரும் போராட்டங்களில் முன்னணியில் நின்றார். அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். ஏ.ஐ.டி.யு.சி.யின் தலைவராக இரண்டு முறை, 1926-லும் 1942-லும் இருந்தார். 1927-ல் ஜெனீவா சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டிலும், 1931-ல் லண்டன் இரண்டாம் வட்டமேஜை மாநாட்டிலும் தொழிலாளிகளின் சார்பில் கலந்துகொண்டார்.

நம் போடிக்காரர்கள் ஒன்றை இங்கே நினைவில் கொள்ளலாம். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். நம் ஏலக்காய் மூட்டை அந்த ரயிலில்தான் சீமைக்குப் பயணம் புறப்பட்டது. அதே 1928 ஜூலையில்தான் தென்னிந்திய ரயில்வே தொழிலாளிகள் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் சிறைத் தண்டனை பெற்றார். மலைச்சரக்கு இறங்கிய தண்டவாளத்துக்கும் கிரி போன்றவர்கள் நடத்திய போராட்டத்துக்கும் உள்ள உறவு இதுதான். ஓடுகிற ரயிலுக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் வயிறு இருக்கிறது.

மந்திரி ஆனார், ஹைகமிஷனர் ஆனார்

1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் நின்ற கிரி, ஜஸ்டிஸ் கட்சித் தலைவரான பொப்பிலி ராஜாவை அவருடைய சொந்த இடத்திலேயே தோற்கடித்தார். ராஜாஜி மந்திரி சபையில் தொழிலாளர் இலாகா பெற்றார். 1939-ல் அந்த மந்திரி சபை விலகியது. 1942 போராட்டத்தில் மீண்டும் சிறை. 1946-ல் மீண்டும் சென்னையில் மந்திரி.

1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் ஹைகமிஷனராக இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இந்த இடத்தில் தோட்டத் தொழிலாளிகளான நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு இலங்கைத் தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் சார்பில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. மறு ஆண்டே, 1948-ல், பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் ஓட்டுரிமையும் போனது. மலையைக் காடாக இருந்து தோட்டமாக்கிய லட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆனார்கள். கிரி 1951 வரை கொழும்பில் இருந்தார். பெரும் பதவி, ஆனால் அந்த அநியாயத்தைத் தடுக்கும் சக்தி அந்தப் பதவிக்கு இல்லை. பதவி வேறு, பலம் வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் நமக்குத் தேவையில்லை.

முதல் முறை எழுந்தார்

1952-ல் லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிரியை நேரு தம் சர்க்காரில் தொழிலாளர் மந்திரி ஆக்கினார். கிரிக்கு ஒரு கொள்கை உண்டு. முதலாளியும் சங்கமும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்; எடுத்ததற்கெல்லாம் சர்க்காரும் டிரிப்யூனலும் குறுக்கே வந்தால் சங்கம் தன் காலில் நிற்கக் கற்றுக்கொள்ளாது என்பது அவர் கருத்து. அவருடைய பெயராலேயே அது வழங்கியது. பலவீனமான சங்கங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது.

1951-ல் நிறைவேறிய தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர் மந்திரியாக இருந்தபோதுதான், 1954 ஏப்ரல் 1-ல், நடைமுறைக்கு வந்தது. வீடு, வைத்தியம், குடிநீர், பிள்ளைக் காப்பகம் ஆகியவை தோட்ட முதலாளியின் கடமை என்று அது சொன்னது. ஆனால் எந்தத் தோட்டம்? தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா. நம் ஏலக்காய்த் தோட்டம் அந்த வரிசையில் இல்லை! ஏலக்காயை மத்தியச் சட்டத்தின் வாசகத்தில் சேர்த்தது 1981-ம் ஆண்டுத் திருத்தம்தான். அதுவும் 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால்தான். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி, முந்தல் வழியாகப் போடிமெட்டைக் கடந்து பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் காய் பறிக்கப் போய், இருட்டுகிற நேரத்தில் இறங்கி வரும் பெண்களுக்குத் தோட்டத்து வீடு ஏது, காப்பகம் ஏது? 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டமும் போய், புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும் ஜீப் ஏறுகிறவர் கேட்கிற கேள்வி மாறவில்லை.

அந்த 1954-லேயே பாங்கு ஊழியர் பிரச்சனை வெடித்தது. பாங்கு ஊழியர் சம்பளம் பற்றித் தொழிலாளர் அப்பீல் டிரிப்யூனல் தீர்ப்பு அளித்தது. சர்க்கார் அந்தத் தீர்ப்பைத் திருத்தி ஊழியருக்குக் கிடைக்க வேண்டியதைக் குறைத்தது. தொழிலாளர் மந்திரி கிரி. தீர்ப்பைக் குறைத்ததும் அவர் அங்கம் வகிக்கும் சர்க்கார். மற்றவராக இருந்தால் மந்திரி சபையின் கூட்டுப் பொறுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டிருப்பார். கிரி ராஜினாமா செய்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். அதன் பிறகு சர்க்கார் விசாரணைக் கமிஷன் அமைக்க வேண்டியதாயிற்று. எழுந்து நின்றவருக்கு இலாகா போயிற்று. தொழிலாளிகள் மத்தியில் அவருக்கு ஏற்பட்ட மரியாதை போகவில்லை.

மலைக்கு வந்த கவர்னர்

1957 தேர்தலில் கிரி தோற்றார். பின்னர் உத்தரப் பிரதேசத்துக்குக் கவர்னரானார். 1960 முதல் 1965 வரை கேரளத்தின் கவர்னர். 1956-ல் ராஜ்யங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின அல்லவா? ஆகவே நாம் ஜீப் ஏறிப் போகும் அந்த ஏலமலைச் சரிவுகளுக்கும் அவர்தான் அன்று கவர்னர்.

1961-ல் இடுக்கி அணைத் திட்டத்தின் பெயரால் ஐயப்பன்கோவிலில் குடியிருந்த ஏழை விவசாயிகளை வெளியேற்றி, குமுளி பக்கத்தில் அமராவதியில் கொண்டுவந்து விட்டார்கள். கொட்டும் மழையில் அந்தக் குடும்பங்கள் தவித்தன. ஏ. கே. கோபாலன் அங்கேயே உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார். நாடு திரும்பிப் பார்த்தது. கவர்னர் மாளிகையில் இருந்தவர் பழைய தொழிற்சங்கத் தலைவர்தான்; ஆனால் மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டிய கவர்னர். அன்று அந்த மக்களுக்குத் துணை நின்றது மாளிகை அல்ல. மழையில் நனைந்த இயக்கம்.

இரண்டாம் முறை எழுந்தார்

1965-ல் மைசூர் கவர்னர். 1967 மே 13-ல் உப ஜனாதிபதி. ராஜ்ய சபையை நடத்தினார், காத்திருந்தார். 1969 மே 3-ல் ஜனாதிபதி ஜாகீர் உசேன் பதவியில் இருந்தபடியே திடீரென்று காலமானார். அன்றே கிரி தற்காலிக ஜனாதிபதி ஆனார். வேலை இல்லாத நாற்காலி என்று சிரித்தவர்கள் அன்று அதன் பொருளைக் கண்டார்கள். நாடு ஒரு நாள்கூடத் தலையில்லாமல் நிற்கவில்லை.

அடுத்து நடந்தவை ஒவ்வொன்றும் கவனிக்க வேண்டியவை. காங்கிரசின் அதிகாரபூர்வ அபேட்சகராக சஞ்சீவ ரெட்டியைக் கட்சித் தலைவர்கள் நிறுத்தினார்கள். கிரி சுயேச்சையாக நிற்பதென்று முடிவு செய்தார். 1969 ஜூலை 19-ல், தற்காலிக ஜனாதிபதியாக, 14 பெரிய பாங்குகளைத் தேச உடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எந்தப் பாங்கு ஊழியர்களின் சம்பளத்துக்காக 1954-ல் மந்திரி பதவியை விட்டாரோ, அந்தப் பாங்குகளை 15 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய பேனா நாட்டின் சொத்தாக்கியது! மறுநாள் ஜூலை 20-ல் பதவியை ராஜினாமா செய்தார். ஜனாதிபதியும் இல்லை, உப ஜனாதிபதியும் இல்லை என்ற நிலை வந்தது. அதற்கென்று அந்த ஆண்டே இயற்றப்பட்டிருந்த சட்டத்தின்படி சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி இதாயத்துல்லா 35 நாள் ஜனாதிபதிப் பணியைக் கவனித்தார்.

பிரதமர் இந்திரா காந்தி மனச்சாட்சிப்படி ஓட்டளிக்கச் சொன்னார். தி.மு.கழகமும் கம்யூனிஸ்டுகளும் கிரியை ஆதரித்தனர். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுக்களையும் எண்ணிய பிறகு கிரிக்கு 4,20,077; ரெட்டிக்கு 4,05,427. வித்தியாசம் 14,650. இரண்டாம் விருப்ப ஓட்டினால் ஜனாதிபதி ஆனவர் இன்றுவரை அவர் ஒருவரே. ஆகஸ்ட் 24-ல் பதவி ஏற்றார். தேர்தலை எதிர்த்து வழக்கு வந்தபோது, ஜனாதிபதியாக இருந்துகொண்டே சுப்ரீம் கோர்ட்டுக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். 1970-ல் வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

கெனியாவில் எழுந்தவர்

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்காவில் நடந்ததையும் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்ட கெனியா 1964 டிசம்பரில் குடியரசானது. ஜோமோ கெனியாட்டா ஜனாதிபதி; ஓகிங்கா ஒடிங்கா முதல் உப ஜனாதிபதி. வெள்ளைக்காரர் வசமிருந்த நிலம் ஏழைகளுக்குப் போக வேண்டும் என்று ஒடிங்கா வற்புறுத்தினார். ஜனாதிபதிக்கும் அவருக்கும் பிளவு முற்றியது. 1966-ல் ஆளும் கட்சி தன் ஒரே உப தலைவர் பதவியை எட்டாகச் சிதறடித்து அவரை ஓரங்கட்டியது. ஒடிங்கா எழுந்தார், ராஜினாமா செய்தார், புதிய கட்சி கண்டார். 1969 அக்டோபரில் அந்தக் கட்சி தடை செய்யப்பட்டது. அவர் 1971 வரை காவலில் வைக்கப்பட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவர் ஜோசப் முரும்பி. அவருடைய தந்தை நம் கோவாவைச் சேர்ந்தவர். தாய் மசாய் இனத்தவர். அந்த ஆண்டே அவரும் விலகினார். 1967-ல் வந்த டேனியல் மோய் 11 ஆண்டுகள் வாய் திறவாமல் காத்திருந்தார். 1978-ல் கெனியாட்டா காலமானதும் ஜனாதிபதியாகி 24 ஆண்டுகள் ஆண்டார்.

1969-ல் இங்கே எழுந்தவர் ஜனாதிபதி மாளிகைக்குப் போனார். அதே 1969-ல் அங்கே எழுந்தவர் சிறைக்குப் போனார். ஏன் இந்த வித்தியாசம்? அங்கே அன்று உப ஜனாதிபதியை நியமித்தவர் ஜனாதிபதி. அவர் நினைத்தால் நாற்காலி இருந்தது. அவர் முகம் சுளித்தால் போயிற்று. இங்கே பார்லிமெண்ட் தேர்ந்தெடுக்கிறது. பிரதமருக்கோ ஜனாதிபதிக்கோ அவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு நிமிர முதுகெலும்பு கிடைக்கிறது. நியமிக்கப்பட்டவர் நியமித்தவரின் முகத்தைப் பார்த்தே வாழ வேண்டியிருக்கிறது. சங்க நிர்வாகிகளை மேலிருந்து நியமிக்காமல் தொழிலாளிகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிப்பதன் காரணமும் இதுவே.

மூன்றாம் முறை எழவில்லை

கிரியின் கதை அத்துடன் முடிந்திருந்தால் நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் 1974 மே 8 வந்தது. நாடெங்கும் ரயில்வே தொழிலாளிகள் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முன்னின்று நடத்தியவர் அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். ஆம், கிரி நிறுவ உதவிய அதே சம்மேளனம்! சர்க்கார் பல்லாயிரம் பேரைக் கைது செய்தது, வேலையிலிருந்து நீக்கியது, குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களைத் தெருவுக்குத் துரத்தியது. மே மாத இறுதியில் போராட்டம் முறிந்தது.

இவை யாவும் எவர் பெயரால் நடந்தன? இந்திய ஜனாதிபதியின் பெயரால். ஜனாதிபதி கிரி. மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடப்பதே ஜனாதிபதியின் கடமை என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 1954-லும் கூட்டுப் பொறுப்பு என்ற சட்டம் இருந்தது. அன்று அவர் எழுந்தார். 1974-ல் 79 வயதுக் கிரி எழவில்லை. ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்துதான் மாளிகையை விட்டு இறங்கினார்.

பாங்கு ஊழியருக்காக எழுந்தவர் ரயில்வே தொழிலாளிக்காக எழவில்லையே என்ற வருத்தம் நியாயமானது. அதற்காக அவருடைய வாழ்நாள் தொண்டை மறுப்பது நன்றி கெட்ட செயல். இரண்டையும் சேர்த்து எடை போடுவதே நேர்மை.

நமக்கு என்ன?

தோழர்களே! இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, இரண்டாம் நாற்காலியை இளப்பமாக எண்ணக்கூடாது. தலைவர் படுத்துவிட்டால், சிறை சென்றுவிட்டால், மறுநாள் காலை தோட்டத்து வாசலில் நிற்க வேண்டியவர் உப தலைவர்தான். கணக்கும் வழக்கும் தெரிந்தவரை, நான்கு பேரிடம் நிதானமாகப் பேசத் தெரிந்தவரை அந்த இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது, உட்காரத் தெரிந்தவர் ஆயிரம் பேர். எழத் தெரிந்தவர் சிலரே. ஒருவரைப் பதவிக்கு அனுப்புமுன், தேவைப்பட்டால் அதை விட்டு எழுவாரா என்று கேளுங்கள். ஒரு முறை எழுந்தவர் என்பதால் எப்போதும் எழுவார் என்று நம்பிச் சும்மா இருந்துவிடவும் கூடாது.

மூன்றாவதே முக்கியமானது. நம் மனிதர் மேலே போய்விட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று சங்கத்தைக் கலைத்துவிட்டுத் தூங்கக்கூடாது. ராதாகிருஷ்ணனுக்குப் பிறகு பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 1984-ல் உப ஜனாதிபதி ஆனார். 2025-ல் திருப்பூர்க்காரரான சி. பி. ராதாகிருஷ்ணன் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் மண்ணிலிருந்து யார் போனாலும் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் டில்லி நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், போடிமெட்டு வளைவில் ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறும் ஜீப்புக்கு அவர் பிரேக் பிடிக்க முடியாது. காய் பறிக்கும் கைக்குக் கூலியை எண்ணித் தரவும் முடியாது. கொழும்பில் ஹைகமிஷனராலும், அமராவதியில் கவர்னராலும், 1974-ல் ஜனாதிபதியாலும் ஆகாததைச் செய்ய வேண்டியது சங்கம்தான். அதில் சந்தா கட்டி, கூட்டத்துக்கு வந்து, கேள்வி கேட்கும் தொழிலாளிதான் எந்த நாற்காலிக்கும் கால்.